மெட்டு மாறிய திங்கட்கிழமை

ஞாயிற்றுக்கிழமை அரிமளத்தில் ஒரு சாவு விழுந்தது. செத்தவர் யாரும் இல்லை என்பதுதான் அதில் விசேஷம்.

போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். வண்டிப்பேட்டை வெள்ளைச்சாமியின் பேத்தி குஞ்சரம், ஐந்து வயது, வீட்டு முற்றத்தில் நின்று தனக்குத் தெரிந்த எண்ணுப் பாட்டைப் பாடினாள். அமிர்தவல்லி டீச்சர் சொல்லிக்கொடுத்த பாட்டு அது.

ஊருணியில் ஒன்னே ஒன்னு
ஒத்தைக் கொக்கு நிக்குது
ரெண்டு காலில் ஒன்னைத் தூக்கி
மீனைப் பார்த்துச் சொக்குது

மூணு மீனு முங்கிப் போச்சு
நாலு தவளை தாவிப் போச்சு
அஞ்சு விரலை மடக்கிப் பாரு
அத்தனையும் ஓடிப் போச்சு!

வார்த்தைகளில் யாருக்கும் சண்டை இல்லை. மெட்டுதான் வில்லங்கம். வகுப்பிலேயே நிறுத்தி நிதானமாகப் பாடுகிற பாட்டைக் குஞ்சரம் தன் இஷ்டத்துக்கு இன்னும் நிறுத்தி, ஒவ்வொரு வரியின் கடைசியையும் இழு இழு என்று இழுத்தாள். தவளை தாவுகிற இடத்தில் டீச்சர் காட்டிக்கொடுத்தபடியே இரண்டு கையாலும் மார்பில் தட்டிக்கொண்டாள். மதிலுக்கு அந்தப் பக்கம் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்களுக்குக் கொக்கும் மீனும் கேட்கவில்லை, இழுப்பு மட்டும் கேட்டது. புருஷனைப் பறிகொடுத்தவள் பாடுகிற ஒப்பாரி அது என்று அந்த ஊரில் பிறந்த யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளைச்சாமியின் ஒரே மகன் நாகராசு, குஞ்சரத்தின் தகப்பன், ரங்கூனில் ஒரு மரக்கடைக்குக் கணக்கெழுதப் போனவன். ஜப்பான்காரன் குண்டு போட்ட பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. மதிலுக்கு அந்தப் பக்கத்துப் பெண்களுக்கு இது போதாதா? தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு தெருவே ஓடிவந்தது. வாசலில் வட்டமாக உட்கார்ந்து ஒருத்தி தோளை ஒருத்தி கட்டிக்கொண்டு ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு முந்திரிக்கொட்டை கொட்டுக்காரருக்கே ஆள் அனுப்பிவிட்டாள். வெள்ளைச்சாமியின் மனைவி மயங்கி விழுந்தாள். வெள்ளைச்சாமி வயலிலிருந்து ஓடிவந்து, விஷயம் விளங்கி, எல்லாரையும் விரட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வந்தவர்களில் சிலர் எடுத்த அழுகையை நிறுத்த முடியாமல், தங்கள் சொந்தக் கஷ்டங்களுக்கும் கொஞ்சம் அழுதுவிட்டே எழுந்து போனார்கள்.

இனி திங்கட்கிழமை.

சின்னப் பிள்ளைகள் வகுப்பு ஊருணிக் கரையில், வெள்ளைச்சாமியின் பழைய நெல் கிட்டங்கியில் நடக்கிறது. மூன்று வயது முதல் ஐந்து வயது வரை உள்ள பிள்ளைகள். அந்த வயதுக்குப் பலகையும் பிரம்பும் வேண்டாம், பாட்டும் கையாட்டமும் போதும், எண்ணும் எழுத்தும் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் என்று அமிர்தவல்லிக்குத் திருச்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவள் அதை வேதம் என்று நம்பினாள். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற தாய்மார்களுக்கு வேதமெல்லாம் தெரியாது. இடுப்பில் தொங்குகிற பிள்ளையை இறக்கி வைக்க ஓர் இடம் கிடைத்ததே என்று அவர்களுக்குச் சந்தோஷம்.

ஓராண்டு தடங்கல் இல்லாமல் நடத்திக் காட்டினால் சர்க்கார் வகுப்பாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி எழுதுகிறேன் என்று இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார். பாதி ஆண்டு தாண்டிவிட்டது. கட்டிக்கொண்டு வந்த ஊரில் ஆத்மநாதன் பெண்டாட்டி என்பதைத் தவிர அமிர்தவல்லிக்கு வேறு பெயர் வாங்கிக் கொடுத்தது இந்த வகுப்பு ஒன்றுதான். அது போய்விட்டால் மறுபடி அடுப்படிதான்.

வெள்ளைச்சாமி காலையிலேயே வந்தார். பேத்தியை அழைத்து வரவில்லை. பிள்ளைகள் வழக்கம்போல எழுந்து "வணக்கம் தாத்தா" என்றதற்கும் பதில் சொல்லவில்லை.

"வாத்தியாரம்மா, இந்த மெட்டை ஒனக்கு யாரு சொல்லிக்குடுத்தா? திருச்சியிலயா?"

"இல்லைங்க. பாட்டு நான் கட்டினது. மெட்டு எங்க அம்மா எனக்குச் சின்ன வயசுல பாடுன தாலாட்டுங்க."

"தாலாட்டா?" அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எந்தத் தாயி இதைப் பாடிப் புள்ளையைத் தூங்க வப்பா? இது புருசன் செத்தவ பாடுறது. என் அக்கா பாடி நான் கேட்டிருக்கேன். என் சித்தி பாடிக் கேட்டிருக்கேன்."

"எனக்கு அது தெரியாதுங்க. நான் வளந்ததெல்லாம் திருச்சியில, ஆஸ்டல்ல. சாவு வீட்டுப் பக்கமே போனதில்லை."

"கடலுக்கு அங்கிட்டு எம் புள்ளை இருக்கான். கப்பல் கப்பலா முங்குதுன்னு பேப்பர்ல போடுறான். எம் பேத்தி நடு வீட்டுல நின்னு முங்கிப் போச்சு, ஓடிப் போச்சுன்னு மாருல அடிச்சுக்கிட்டுப் பாடுறா. நான் அதை என்னன்னு எடுத்துக்க?"

"மீனுங்க. மீனுதான் முங்குது."

சொன்ன பிறகுதான் அது ஒரு பதிலே இல்லை என்று அமிர்தவல்லிக்கு உறைத்தது. வெள்ளைச்சாமி அதற்காகக் கோபப்படவில்லை. அவருடைய குறை வேறு.

"ஊருணிக்குத் தண்ணிக்கு வர்ற பொம்பளைக அத்தனை பேரும் இத்தனை நாளாக் கேட்டிருக்காளுக. ஒருத்திக்கு வந்து சொல்ல வாய் வரலையே?"

அது நியாயமான கேள்வி. பெண்கள் கேட்டிருந்தார்கள், முதல் வாரமே கேட்டிருந்தார்கள். என்னடி இது, இழவு மெட்டு மாதிரி இருக்கிறதே என்று தங்களுக்குள் பேசியும் இருந்தார்கள். ஆனால் டீச்சர் திருச்சியில் படித்தவள், இங்கிலீஷ் தெரிந்தவள், அங்கே இதுதான் முறையோ என்னமோ, நமக்கென்ன தெரியும் என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். படித்தவள் தப்பே செய்தாலும் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று நினைக்கிற ஊர் அது.

"இனிமே பாட்டு வேணாம். அ ஆ சொல்லிக்குடு. அது போதும்" என்றார் வெள்ளைச்சாமி.

இதற்குள் பின்வரிசையில் ஒரு புளியங்கொட்டைக்காக இரண்டு பேர் ஒருவரை ஒருவர் கடிக்க ஆரம்பித்திருந்தார்கள். மூன்றாவது ஒருத்தி, அதைப் பார்த்தே அழுதாள். அவள் அழுததைப் பார்த்து இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். அமிர்தவல்லி பழக்கத்தில் கையைத் தூக்கி "ஊருணியில்" என்று எடுத்தாள். எடுத்த கையோடு வாயை மூடிக்கொண்டாள். கூச்சல் கிட்டங்கியின் ஓட்டைப் பிய்த்துக்கொண்டு போனது.

வெள்ளைச்சாமி காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார். பாட்டு இல்லாமல் இந்தப் பட்டாளத்தைக் கட்டி மேய்க்க முடியாது என்பது அவருக்கும் புரிந்தது.

"சரி. மெட்டை மாத்து. கும்மி மெட்டுல பாடு. அது மங்களமானது. சாயங்காலம் வந்து கேப்பேன். பழைய இழுப்பு ஒரு வரி கேட்டுச்சுன்னாலும் சாவியைக் குடுத்துரு. ஒன் மேல எனக்குக் கோவம் இல்லை, ஆத்தா. எம் வீட்டுல ஒரு உசிரு காத்துக்கிட்டுக் கெடக்கு."

அந்த உசிர் அவர் மனைவி. மகன் வருவான் என்று மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு தினம் ஒருவேளைச் சாப்பாட்டில் இருக்கிறவள். ஞாயிற்றுக்கிழமை மயங்கியவள் இன்னும் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை.

மத்தியானம் பிள்ளைகள் தூங்குகிற நேரத்தில், ஒரு தாயைக் காவலுக்கு வைத்துவிட்டு அமிர்தவல்லி வீட்டுக்குப் போனாள். அவள் கணவன் ஆத்மநாதன் புதுக்கோட்டை பஸ்ஸில் கண்டக்டர். பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்ததிலிருந்து பஸ் கரி அடுப்பில் ஓடுகிறது. ஓடுகிறது என்று சொல்வது மரியாதைக்காக. அன்றைக்கு அது அரிமளத்தைத் தாண்டவே மாட்டேன் என்றுவிட்டதால் ஆத்மநாதன் முகமெல்லாம் கரியோடு வீட்டில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். அமிர்தவல்லியின் தாயார் சொர்ணவல்லி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மகளைக் கொடுத்த வீட்டில் தாயும் வந்து இருப்பது ஊருக்கு ஒரு பேச்சு. வேறு போக்கிடம் இல்லாததால் சொர்ணவல்லி அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

"அம்மா, சின்ன வயசுல எனக்கு ஒரு பாட்டுப் பாடுவியே. நான் இங்க புள்ளைகளுக்குப் பாடுறேனே, அந்த மெட்டு. அது தாலாட்டுத்தானே?"

சொர்ணவல்லி கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அம்மா, ஒன்னையத்தான் கேக்குறேன்."

"அத்தை, சொல்லிருங்க" என்றான் ஆத்மநாதன். "நேத்து நடந்த கூத்துல பஸ் ஏறுறவன் எல்லாம் டிக்கெட்டுக்கு முன்னாடி என்கிட்ட துக்கம் விசாரிக்கிறான். நான் வேணா வெளியில போறேன்."

"நீங்க இருங்க மாப்பிள்ளை" என்றாள் சொர்ணவல்லி. ஒரு கொத்துக் கீரையை உருவிப் போட்டுவிட்டு, "அது தாலாட்டு இல்லை" என்றாள்.

"பின்னே?"

"ஒங்கப்பா செத்தப்பப் பாடுனது."

அமிர்தவல்லி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். தகப்பன் முகம் அவளுக்குத் தெரியாது. தனக்கு மூன்று வயதாக இருக்கும்போது அவர் போய்விட்டார் என்று மட்டும் தெரியும். அதன் பிறகு சொர்ணவல்லி திருச்சியில் ஒரு வீட்டில் சமையலுக்கு நின்றாள், மகளை ஆஸ்டலில் விட்டாள். சின்ன வயது என்று அமிர்தவல்லிக்கு நினைவிருப்பதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். அம்மாவின் மடி, முன்னும் பின்னும் ஆடுகிற ஆட்டம், தலைக்கு மேலே அந்தப் பாட்டு. ஆஸ்டல் கட்டிலில் தூக்கம் வராத போதெல்லாம் அவள் அதைத்தான் வாய்க்குள் பாடிக்கொண்டு தூங்கியிருக்கிறாள்.

"நீ என் மடியில கெடந்தே" என்றாள் சொர்ணவல்லி. "சுத்தி அத்தனை பொம்பளைக. அத்தனை சத்தம். அந்தச் சத்தத்துல நீ ஒருத்திதான் தூங்குனே. எனக்கு அப்ப ஒம் மேல கோவங்கூட வந்துச்சு."

"பாடுற அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்ல? எத்தனை மாசமா நான் ஊரு பூரா பாடுறேன். வாயைத் தெறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னைக்கு நான் அந்தப் பெரிய மனுசன் முன்னாடி இப்படி நிப்பேனா?"

"சொல்லணும்னுதான் மொத நாள் எந்திரிச்சு வந்தேன். கிட்டங்கி வாசல் வரைக்கும் வந்தேன். நீ கொக்குன்னே, மீனுன்னே. புள்ளைக எல்லாம் சிரிச்சுச்சு. நான் அங்கயே உக்காந்துட்டேன்." சொர்ணவல்லி கீரைக்காம்பைக் கிள்ளிப் போட்டாள். "அதைக் கேக்குறப்ப எனக்கு அழுகை வரலை, அமிர்தம். அத்தனை வருசத்துல மொத தடவை. ஒப்பாரின்னு சொன்னா நீ நிறுத்திப்புடுவே. அதான் சொல்லலை."

அமிர்தவல்லிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தாய் மேல் வந்ததா, தன் மேல் வந்ததா என்று பிரிக்கத் தெரியவில்லை. தன்னிடம் இருந்த ஒரே தாலாட்டும் தாலாட்டு இல்லை என்று ஆகிவிட்டது. அவள் சாப்பிடாமலே எழுந்தாள்.

"இப்ப என்ன பண்ணப் போறே?" என்றான் ஆத்மநாதன்.

"கும்மி மெட்டுல பாடப் போறேன்."

"வருமா?"

"வரணும்."

வரவில்லை. கும்மி மெட்டு அவளுக்கு வந்தது, பிள்ளைகளுக்கு வரவில்லை. முதல் வரியைக் கும்மியில் பாடிவிட்டு இரண்டாம் வரியில் பழைய தடத்தில் இறங்கினார்கள், செக்குமாடு வேறு பக்கம் போகுமா? அவள் நிறுத்தினாள். மறுபடி எடுத்தாள். மறுபடி இறங்கினார்கள். நாலு வயது மலையாண்டி கையைக் கட்டிக்கொண்டு பாடவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான்.

"ஏன்டா?"

"இது வேற கொக்கு."

"அதே கொக்குதான்டா."

"இல்லை. அந்தக் கொக்கு மெதுவா நிக்கும். இது ஓடுது."

 இரண்டு எண்ணிக்கையையும் மூன்று எண்ணிக்கையையும் அவன் கற்றுக்கொண்டது அந்த நிற்கிற கொக்கிடம்தான். புது மெட்டில் எண்ணச் சொன்னால் மூன்றுக்கு அடுத்து அஞ்சு என்றான். வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் சொன்னார்கள். பாட்டு எண்ணைச் சுமந்து வரும் என்று திருச்சியில் சொல்லிக்கொடுத்தவர்கள், மெட்டைப் பிடுங்கினால் எண்ணும் கூடவே வந்துவிடும் என்பதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

கடைசியில் எல்லாரையும் எழுப்பி வட்டமாக நிற்க வைத்து, குனிந்து நிமிர்ந்து கைகொட்டிக் கும்மியே அடிக்க வைத்தாள். மார்பில் தட்டுகிற இடத்தில் தொடையில் தட்டச் சொன்னாள். கால் ஆடத் தொடங்கியதும் புது மெட்டு நாக்கில் நின்றது. மலையாண்டி மட்டும் வட்டத்துக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

பொழுது இறங்குகிற நேரத்துக்கு வெள்ளைச்சாமி வந்தார். கூடவே மருமகள் செவந்தியும் குஞ்சரமும் வந்தார்கள். செவந்தி தலை நிறையக் கதம்பமும், நெற்றியில் காலணா அகலக் குங்குமமும், இடுப்பில் தண்ணீர்க் குடமுமாக வாசலுக்கு வெளியே ஒதுங்கி நின்றாள். மாமனார் இருக்கிற இடத்துக்குள் வர மாட்டாள்.

பிள்ளைகள் கும்மி அடித்தார்கள். ஓரிடத்தில் யாரோ ஒரு குரல் பழைய பக்கம் சாய்ந்தது. அமிர்தவல்லி சத்தமாகப் பாடி அதை மூடினாள். குஞ்சரமும் ஓடிப்போய் வட்டத்தில் நுழைந்து, தெரியாத மெட்டுக்குத் தெரிந்த மாதிரி வாயசைத்தாள்.

"இது பாட்டு" என்றார் வெள்ளைச்சாமி. முகத்தில் காலையிலிருந்த இறுக்கம் இல்லை. "நல்லா இருக்கு. நடத்து. நாளையிலருந்து குஞ்சரத்தை அனுப்புறேன்."

பிள்ளைகளைத் தாய்மார்கள் வந்து கூட்டிப் போனார்கள். வெள்ளைச்சாமி மடையைப் பார்க்கக் கரையோடு நடந்தார். வகுப்பு பிழைத்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். அமிர்தவல்லி அதற்கு முயற்சி செய்து பார்த்தாள்.

தண்ணீர் எடுக்கப் போன செவந்தி குடத்தை நிரப்பாமலே திரும்பி வந்தாள். குஞ்சரம் உள்ளே தரையில் புளியங்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், ஏன் மெட்டை மாத்துனீங்க?"

"ஒங்க மாமாதாங்க மாத்தச் சொன்னாரு. நேத்து என்னால ஒங்க வீட்டுல பெரிய கலவரம். நீங்க எப்படிப் பயந்திருப்பீங்க. தெரியாமப் பண்ணிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க."

"நான் பயப்படலை" என்றாள் செவந்தி.

அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்று அமிர்தவல்லியைத் தலை தூக்கிப் பார்க்க வைத்தது.

"ஆடியில எங்க அண்ணன் வீட்டுக்கு அறந்தாங்கி போயிருந்தேன்ல. அங்க காஜா மைதீன்னு ஒருத்தரு பர்மாவுலருந்து நடந்தே வந்து சேந்துருக்காருன்னு சொன்னாக. அவுகளோட ஒரே மரக்கடையில இருந்தவரு. வீட்டுக்குத் தெரியாம நானே தேடிப் போயிக் கேட்டேன். ரெண்டு பேரும் சேந்துதான் பொறப்பட்டிருக்காக. காட்டு வழியில பேதி கண்டுருக்கு. ஒரே ராத்திரியில முடிஞ்சு போச்சாம்."

அமிர்தவல்லி குஞ்சரத்தைப் பார்த்தாள். குழந்தை கொட்டைகளை வரிசை வைத்துக்கொண்டிருந்தது.

"யாருக்கும் சொல்லலையா?"

"சொன்னா அன்னைக்கே தாலியை வாங்கிட்டு மூலையில உக்கார வச்சிருவாக. இவளை யாரு இங்க கொண்டாந்து விடுவா? அதுகூட பரவாயில்லை. எங்க அத்தை உசிரு, மகன் வருவான்கிற ஒன்னுலதான் ஓடுது. அதை நான் எப்படிப் புடுங்குறது?" செவந்தி தலையிலிருந்த பூவைத் தொட்டாள். "ஒரு நாள் பூ வைக்கலைன்னாலும் அத்தை வையிறாக. எம் மகன் உசிரோட இருக்கையில மொட்டைத் தலையா நிக்காதேங்குறாக. வச்சுக்கிட்டுத்தான் வாரேன், டீச்சர். தெனமும் வச்சுக்கிட்டுத்தான் வாரேன்."

அமிர்தவல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நேத்து தெருவே வந்து கட்டிப்பிடிச்சு அழுதுச்சுல்ல. அப்பத்தான் அவுகளுக்குன்னு நான் அழுதேன். எல்லாரும் நான் பயத்துல அழுகுறேன்னு நெனச்சாக. அதுக்குள்ள மாமா வந்து வெரட்டிட்டாக. பாதியில நிக்குது, டீச்சர். இங்க நிக்குது." செவந்தி தொண்டையைக் காட்டினாள். "ஒரே ஒரு தடவை பழைய மெட்டுல பாடுங்க. கொக்குப் பாட்டேதான். வேற ஒன்னும் வேணாம்."

ஒரு வரி கேட்டாலும் சாவி போய்விடும். சாவி போனால் வகுப்பு போய்விடும். வெள்ளைச்சாமி இன்னும் கரை மேல்தான் இருக்கிறார். இத்தனையும் அமிர்தவல்லிக்குத் தெரியும். அவள் எழுந்து கிட்டங்கிக் கதவைச் சாத்தினாள். செவந்தியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

மெதுவாகத்தான் எடுத்தாள். காலையிலிருந்து அடைத்து வைத்த மெட்டு தானாகவே வந்தது. ஒத்தைக் கொக்கு நின்றது. செவந்தி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அவள் மடியில் கவிழ்ந்தாள். அமிர்தவல்லி அவளை அணைத்தபடி முன்னும் பின்னும் ஆடினாள். மத்தியானம் தாயிடம் கொண்டிருந்த கோபம் அந்த ஆட்டத்தில் எங்கே போனதென்று தெரியவில்லை. குஞ்சரம் தனக்குத் தெரிந்த பாட்டு திரும்பி வந்துவிட்ட குஷியில் எழுந்து வந்து, தவளை தாவுகிற இடத்தில் இரண்டு கையாலும் மார்பில் தட்டிக்கொண்டு குதித்தாள்.

கதவு படாரென்று திறந்தது.

"இப்பத்தானே சொல்லிட்டுப் போனேன்! கரை வரைக்கும் கேக்குது. வாத்தியாரம்மா, என்ன நெஞ்சழுத்தம் இருந்தா..."

வெள்ளைச்சாமி மருமகள் கவிழ்ந்து கிடக்கிற கோலத்தைப் பார்த்துவிட்டார். அந்த வட்டாரத்தில் அவர் போகாத சாவு வீடு கிடையாது. என்ன ஆகுமோ என்று அழுகிறவளுக்கும், ஆகிவிட்டது என்று அழுகிறவளுக்கும் வித்தியாசம் தெரிந்தவர்.

"தாத்தா, அம்மா கொக்குப் பாட்டுக்கு அழுவுது" என்றாள் குஞ்சரம்.

செவந்தி அடித்துப் பிடித்து எழுந்தாள். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு சுவரோடு சுவராக ஒண்டினாள். குங்குமம் கலைந்து மூக்கு வரை வழிந்திருந்தது.

வெள்ளைச்சாமி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார். 

"எங்க வச்சுப் பொதைச்சாக, தாயி?"

"ஒரு ஆத்தங்கரையிலயாம், மாமா. கூட வந்தவரு பொதைச்சாராம்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். உள்ளே வந்து, கதவைத் தன் கையாலேயே சாத்தினார். பிள்ளைகள் உட்கார்கிற பாயில், பிள்ளைகளைப் போலவே கால் மடக்கி உட்கார்ந்தார். துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டார்.

"ஒங்க அத்தைக்குத் தெரியக்கூடாது" என்றார் துண்டுக்குள்ளிருந்து. "யாருக்கும் தெரியக்கூடாது."

அமிர்தவல்லி பாட்டை எங்கே விட்டோம் என்றுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் நிறுத்திட்டே, வாத்தியாரம்மா? பாடு. வெளியில கேட்டா புள்ளைப் பாட்டுத்தானே."

அவள் பாடினாள். பெரியவர் தோள் குலுங்கியது. குஞ்சரம் தாத்தாவையும் அம்மாவையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் நடந்த ஒவ்வொன்றையும் வீட்டுக்குப் போனதும் தகப்பனைப் பெற்ற அப்பாயியின் பாயில் உட்கார்ந்து ஒன்று விடாமல் ஒப்பிப்பது அவள் வழக்கம்.